நாட்டிசையும் பல்லியமும்: அயர்லாந்தின் இசைக்குழு இரண்டன் வரலாறு

தோற்றுவாய்

வாய்மொழியாக வழங்கிவரும் இசை, வீட்டின் அடுப்பங்கரையையும் ஊர்த் திண்ணையையும் விட்டு அரங்கேறும்பொழுது, அஃது அவ்விசையாகவே நிற்கின்றதா, வேறொன்றாகி விடுகின்றதா? நாட்டுப்பாடல் ஆய்வில் ஈடுபட்டார் யாவரும் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளவேண்டிய வினா இது. பெரும்பாலான நாடுகளில் இம்மாற்றம் பல தலைமுறைகளில் மெல்ல மெல்ல நிகழ்ந்தமையால் அதன் படிகளைப் பிரித்துக் காண்டல் அரிது. அயர்லாந்திலோ, அதன் தலையாய படிகள் 1959 முதல் 1971 வரையுள்ள பன்னிரண்டே ஆண்டுகளில், பெயர் தெரிந்த ஒரு சிலர் கையில் நிகழ்ந்தன. அவர்தம் இசைத்தட்டுக்கள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஆதலின் மேற்கூறிய வினாவை ஆராய்வதற்கு அந்நாட்டு வரலாறு சிறந்ததொரு களனாகும்.

ஷான் ஓ ரியாடா அமைத்த ‘கியோல்தோரி கூலன்’, அதன் வழித்தோன்றலாகப் பேடி மலோனி அமைத்த ‘சீப்டன்ஸ்’ என்னும் இசைக்குழுக்கள் இரண்டன் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. இவை நாட்டிசைக் குழுக்கள். எனினும் மேலைநாட்டுப் பல்லியத்தின் சாயல் இவற்றில் அழுந்தப் படிந்துள்ளது. அச்சாயல் யாது, எவ்வழி வந்தது, அதனால் நேர்ந்த ஆக்கமும் கேடும் எவை என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

பல்லியம் என்னும் சொல்லை இருபொருளில் ஆளலாம். கருவிகள் பல ஒருங்கே ஒலித்தல் ஒன்று. அக்கருவிகள் இன்னது முன், இன்னது பின், இன்னது தனித்து, இன்னவை கூடி என்னும் ஒழுங்கிற்பட்டு ஒலித்தல் மற்றொன்று. முன்னது தொகை; பின்னது முறை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் கருவிகள் ஒன்றன் வழி ஒன்றாய் இயைந்து, பின்னர் யாவும் கூடி நிற்கும் ஆமந்திரிகை நம் மாணவர் அறிந்ததே. அதற்கும் அயர்லாந்துக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. தொகை வேறு, முறை வேறு என்பதைத் தெளிவித்தற்கே அதனை ஈண்டு நினைவூட்டினோம். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அச்சாணி.

ஓரிழை இசை

அயர்லாந்தின் வழிவழி இசை அடிப்படையில் ஓரிழை இசையாகும். ஒருவர் பாடுவார், அல்லது ஒருவர் குழலோ பிடிலோ வாசிப்பார். இருவர் மூவர் கூடினும் யாவரும் ஒரே மெட்டையே இசைப்பர். ஆட்டத்திற்குரிய ‘ரீல்’, ‘ஜிக்’ முதலிய மெட்டுக்கள் பெரும்பாலும் இரு கூறுகளாக அமையும். கூறு ஒவ்வொன்றும் எட்டுத் தாளவட்டம் உடையது, இருமுறை இசைக்கப்படும். இச்சிறு வடிவத்தை மீண்டும் மீண்டும் இசைக்குங்கால், ஒருமுறை வந்தவாறே மறுமுறை வாராமல் சுரங்களை அசைத்தும் வெட்டியும் உருட்டியும் அணிசெய்தலே வாசிப்பவன் புலமை. மெட்டு ஊருக்குப் பொது. அணி அவனுக்கே உரியது.

ஆட்டத்திற்கு உரியவல்லாத மெல்லிய நெடும்பண்களும் உள. அவை ஐரிஷ் மொழிப் பாடல்களினின்றும் பிறந்தவை. தாளக் கட்டுக்கு அடங்காமல் சொல்லின் ஓட்டத்தைத் தழுவிச் செல்பவை. பாட்டின் சொற்களை அறியாதான் அதன் பண்ணைக் கருவியில் செவ்வனே இசைத்தல் இயலாது என்பது அந்நாட்டு இசைவாணரிடை வழங்கும் கொள்கை. கருவிகள் இன்றித் தனிக்குரலில் பாடும் இம்மரபு ‘ஷான் நோஸ்’ எனப்படும்; பழைய நடை என்பது அதன் பொருள். எனவே, அந்நாட்டில் மொழியின் நிலையும் இசையின் நிலையும் பிரித்தற்கரியன. 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அத்துணையர் நாடு கடந்தனர். அவருள் ஐரிஷ் மொழி பேசுவோர் மிகுதி. மொழி தளர்ந்தபோது அம்மொழியில் வேரூன்றிய பாட்டும் தளர்ந்தது.

கருவிகளுள் ஒன்றனை மட்டும் தனியே விளக்குதல் வேண்டும். ‘இல்லன்’ குழல் என்பது துருத்திக் குழல் வகையைச் சார்ந்தது. வாயால் ஊதாமல், முழங்கையின்கீழ் அமைந்த துருத்தியால் காற்றூட்டப்படுவதால் முழங்கை எனப் பொருள்படும் அப்பெயர் பெற்றது. மெட்டிசைக்கும் குழலோடு, இடைவிடாது ஒலிக்கும் சுருதிக் குழல்களும், மணிக்கட்டால் அழுத்தி ஒத்திசை எழுப்புதற்குரிய வேறு குழல்களும் அதன்கண் உள. ஒருவனே வாசிக்கும் ஒரு கருவிக்குள் மெட்டும் சுருதியும் ஒத்திசையும் அடங்கியுள்ளமை பின்னர் நாம் கூறப்போவதற்கு அடிப்படை.

முன் முயன்றோர்

ஓ ரியாடாவுக்கு முன்னரும் இவ்விசையை வேறு வடிவில் நிறுத்த முயன்றோர் உளர். 1792-இல் பெல்பாஸ்ட் நகரில் யாழ்வாணர் விழா ஒன்று நடைபெற்றது. பழைய ஐரிஷ் தலைவர்களின் அரண்மனைகளில் வாழ்ந்த யாழ் மரபு, புரவலர் வீழ்ந்தமையால் தானும் வீழும் நிலையில் இருந்தது. விழாவிற்கு வந்த அந்நாட்டு யாழ்வாணர் பதின்மரே. அவருள் முதியவரான டெனிஸ் எம்ப்சன் என்பார் ஒருவரே உலோக நரம்புகளை நகத்தால் தெறித்து வாசிக்கும் பழைய முறையைக் கையாண்டார். அவர்கள் வாசித்தவற்றை எழுதிவைக்கும் பணி எட்வர்டு பண்ட்டிங் என்னும் பத்தொன்பது வயதினரான இளைஞருக்குக் கிடைத்தது. அவர் வாழ்நாள் முழுதும் அப்பணியைத் தொடர்ந்து, 1840 வரை மூன்று தொகுதிகளை வெளியிட்டார். அவர் தொகுத்திராவிடின் பல மெட்டுக்கள் மறைந்தே போயிருக்கும். ஆயினும் அவற்றை வெளியிடுங்கால் பியானோவில் வாசித்தற்கேற்ப ஒத்திசை சேர்த்து வெளியிட்டார். காத்தவரே மாற்றவும் செய்தார். இவ்விரு செயலும் ஒரே கையால் நிகழ்தல் நாட்டிசை வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுவது.

இரண்டாம் முயற்சி ‘கேலி’ எனப்படும் ஆட்டக்குழுக்கள். ஐரிஷ் மொழி வளர்ச்சிக்கென உழைத்த கேலிக் கழகத்தார் 1897-இல் இலண்டனில் நடத்திய கூட்டமே இப்பெயரால் நிகழ்ந்த முதற் பொது ஆட்டவிழா என்பர். பின்னர், 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பொது ஆட்டங்களுக்கு உரிமம் வேண்டும் என விதித்தது. வீட்டு ஆட்டங்கள் அருகி, ஆட்டம் பெருமண்டபங்களுக்கு நகர்ந்தது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பெருமண்டபத்திற்குப் பேரொலி வேண்டும். ஆகவே பிடில்களும் குழல்களும் அக்கார்டியன்களும் பல சேர்ந்து, பியானோவும் முரசும் துணையாக, ஒரே மெட்டை ஒருங்கே முழக்கின. ஈண்டுத் தொகை உண்டு, முறை இல்லை. பலர் ஒருங்கே வாசிக்குங்கால் ஒருவன் தன் விருப்பப்படி அணிசெய்தல் இயலாது ஆகலின், தனியணி இவ்வகையில் பெரிதும் ஒடுங்கியது.

மூன்றாவது, மேலைநாட்டுப் பல்லியத்திற்கேற்ப நாட்டு மெட்டுக்களைத் திருத்தி அமைத்தல். 1948-இல் அயர்லாந்து வானொலி முழு அளவிலான சிம்பொனிப் பல்லியம் ஒன்றை அமைத்தது. நாட்டு மெட்டை வயலின் கூட்டத்திற்கும் ஊதுகருவிக் கூட்டத்திற்கும் பங்கிட்டுக் கொடுத்தல் அக்காலத்து இசையறிஞர்க்கு இயல்பான வழியாகத் தோன்றியது. ஈண்டு முறை உண்டு. ஆனால் அம்முறை முற்றும் பிறிதொரு மரபினது. நாட்டு இசைவாணனுக்கு அங்கு இருக்கையும் இல்லை.

மிஷா ஏரே

ஷான் ஓ ரியாடா இம்மூன்றாம் வழியிலேயே புகழ்பெற்றவர் என்பது கருதத்தக்கது. அவர் 1931-இல் கார்க் நகரிற் பிறந்தார். ஜான் ரைடி என்பது அவரது ஆங்கிலப் பெயர். ஐரிஷ் வடிவத்தைப் பின்னர்த் தாமே மேற்கொண்டார். கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் அலாய்ஸ் பிளைஷ்மனிடம் இசை பயின்று 1952-இல் பட்டம் பெற்றார். வானொலியில் பணியாற்றியும், சிலகாலம் பாரிசில் தங்கியும், பின்னர் டப்ளின் அபே நாடக அரங்கின் இசை இயக்குநராக அமர்ந்தும் மேலை இசையின் புத்தம்புதிய போக்குக்களையெல்லாம் கற்றறிந்தார்.

1959-இல் ‘மிஷா ஏரே’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. ‘நான் அயர்லாந்து’ என்பது அப்பெயரின் பொருள். பழைய செய்திப் படச்சுருள்களைத் தேடித் தொகுத்து, நாட்டு விடுதலைப் போராட்ட வரலாற்றை ஐரிஷ் மொழியிற் கூறும் முழுநீளப் படம் அது. ஜார்ஜ் மாரிசன் இயக்கினார். 1953-இல் தோன்றிய ‘கேல் லின்’ என்னும் மொழி வளர்ச்சி நிறுவனம் தயாரித்தது. அதற்கு ஓ ரியாடா அமைத்த இசையை வானொலிச் சிம்பொனிப் பல்லியம் வாசித்தது. ‘ரோஷீன் டூவ்’, அஃதாவது ‘சிறு கருமலர்’ எனப்படும் பழம்பாடலின் மெட்டைக் கொம்பு வாத்தியம் தனித்து எழுப்ப, பின்னர்ப் பல்லியம் முழுதும் அதனை ஏந்தி எழும் அமைப்பு நாட்டு மக்களின் நெஞ்சைக் கவர்ந்தது. பாடலிற் சுட்டப்படும் மலர் அயர்லாந்தையே குறிக்கும் எனக் கொள்ளுதல் அங்கு மரபு. தாம் பாட்டியின் வாயிற் கேட்ட மெட்டு, ஐரோப்பியப் பேரிசைக்கு ஒப்ப ஒலிக்கக் கேட்ட மக்கள் அதனைத் தம் மதிப்பு மீண்டதற்குச் சான்றாகவே கொண்டனர்.

இவ்வெற்றியோடு ஓ ரியாடா அமைந்திருக்கலாம். அவர் அவ்வாறு அமைந்திலர். மெட்டு பல்லியத்துட் புகுந்தது. மெட்டை வாசித்தவன் வெளியே நின்றான். கொம்பு வாத்தியம் ‘ரோஷீன் டூவ்’ பாடலின் உருவைத் தரலாம். ‘பழைய நடை’ப் பாடகன் அதற்கு இடும் அணியைத் தர இயலாது. அடுத்த ஆண்டே அவர் மேற்கொண்ட புதுமுயற்சி இக்குறையை உணர்ந்ததன் பயன் என்றே கொள்ளவேண்டியுளது.

கியோல்தோரி கூலன்

1960-இல் அபே அரங்கத்தார் பிரையன் மக்மகனின் ‘பட்டடைக்கல்லின் பாட்டு’ எனப் பொருள்படும் நாடகத்தை நடித்தனர். அதற்கு இசையமைக்குங்கால் ஓ ரியாடா பயிற்சிபெற்ற பல்லியத்தாரை விடுத்து நாட்டு இசைவாணரை வரவழைத்தார். நாடகம் முடிந்தபின்னும் அவர்கள் கலையவில்லை. டப்ளினுக்குத் தெற்கே இருந்த ஓ ரியாடாவின் இல்லத்தில் கூடிப் பயின்றனர். அந்நிலப்பகுதியின் பழம்பெயரைத் தழுவிக் ‘கூலன் நாட்டு இசைவாணர்’ எனப் பொருள்படும் ‘கியோல்தோரி கூலன்’ என்னும் பெயர் குழுவிற்கு அமைந்தது.

இல்லன் குழலுக்குப் பேடி மலோனி, தகரக் குழலுக்கு ஷான் பாட்ஸ், மரக்குழலுக்கு மைக்கேல் டுப்ரிடி, பிடிலுக்கு மார்ட்டின் பே, ஜான் கெல்லி, அக்கார்டியனுக்குச் சன்னி புரோகன், ஏமன் டி பிட்லர் என முதன்மையானோர் அமைந்தனர். ஷான் ஓ ஷே பாடினார். ஓ ரியாடா முதலில் ‘பௌரான்’ என்னும் கருவியை வாசித்தார். வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் போர்த்த ஒருமுகப் பறை அது. கிறித்துமசுக்கு மறுநாள் ஊர்ச் சிறுவர் வீடுதோறும் சென்று ஆடிப்பாடும் சடங்கில் ஒலித்த அப்பறை, இசைக்குழுவின் நிலைக்கருவியானது பெரிதும் அவராலேயே ஆம். பின்னர் அவர் ஆர்ப்சிக்கார்டு என்னும் கட்டைக் கருவியை மேற்கொண்டார். அதன் நரம்புகள் சுத்தியால் அடிக்கப்படாமல் தெறிக்கப்படுவன ஆதலின், உலோக நரம்பு பூண்ட பழைய யாழின் ஒலிக்கு அதுவே நெருங்கியது எனக் கருதினார். பார்வையற்ற யாழ்ப்புலவரான டர்லோ கரோலன் (1670–1738) இயற்றிய இசைப்பகுதிகள் பல இக்குழுவால் மறுவாழ்வு பெற்றன.

இனி, குழுவின் முறையை நோக்குவோம். முதலில் மெட்டின் எலும்புருவை அணியின்றிக் காட்டல். அடுத்து ஒரு கருவி தனித்து அதனை அணிசெய்தல். பின்னர் இருவரோ மூவரோ கூடி வேறுவகையால் இசைத்தல். இடையிடையே யாவரும் ஒருங்கு சேர்தல். ஒரு கருவி ஒலிக்குங்கால் ஏனையவை வாளா இருத்தல். இதற்குரிய கொள்கையை ஓ ரியாடா 1962-இல் வானொலியில் ஆற்றிய ‘நம் இசைச் செல்வம்’ என்னும் தொடர்ச் சொற்பொழிவுகளில் விரித்துரைத்தார். அவை அவர் மறைவிற்குப்பின் 1982-இல் நூலாயின. மாறுபாடே இம்மரபின் உயிர் என்பதும், ஒரே மெட்டை யாவரும் ஒருங்கே முழக்குதல் அவ்வுயிரைப் போக்கும் என்பதும் அவர்தம் துணிபு. அதனால் ‘கேலி’ குழுக்களை மிகக் கடுமையாகச் சாடினார்.

ஈண்டு நாம் காணவேண்டுவது ஒன்று. தனித்தலும் கூடலும் மாறிமாறி வருதல், ஒலியின்மையையும் ஒலிபோல் பயன்படுத்தல், தொடக்கமும் நடுவும் முடிவும் உடையதாக ஓர் இசைப்பகுதியை அமைத்தல் ஆகியவை ஓ ரியாடா சிம்பொனிப் பல்லியத்தினின்றும் கற்றவை. ஆனால் அவ்வொழுங்கிற்குள் அமர்ந்தவர் நாட்டு இசைவாணர். அவர் இட்டது தம் அணியே. ‘மிஷா ஏரே’யில் நாட்டிசை பல்லியத்துட் புகுந்தது. ‘கியோல்தோரி கூல’னில் பல்லியம் நாட்டிசையுட் புகுந்தது. முன்னதில் இரவல் பெற்றது மெட்டு. பின்னதில் இரவல் பெற்றது முறை. இவ்விரு நிலையும் ஒருவராலேயே ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் நிகழ்த்தப்பட்டமை வியத்தற்குரியது.

ஓ ரியாடா 1963-இல் தாம் பயின்ற கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் இசை விரிவுரையாளரானார். ஐரிஷ் மொழி வழங்கும் கூலே என்னும் சிற்றூரிற் குடியேறி, ஊரவரைக் கொண்டு ஆடவர் பாடற்குழு ஒன்றை அமைத்தார். அம்மொழியில் வழிபாட்டிசையும் இயற்றினார். 1969-இல் டப்ளின் கெய்ட்டி அரங்கில் குழு நிகழ்த்திய இசைவிழா அதன் உச்சம் எனலாம். 1769-இல் மறைந்த அல்ஸ்டர் நாட்டுப் புலவர் பேடர் ஓ டோர்னீனின் இருநூறாம் நினைவாண்டை ஒட்டி அது நிகழ்ந்தது. அப்புலவரின் ‘அயர்லாந்துப் பெண்டிர்’ எனப் பொருள்படும் பாடலுக்கு ஓ ரியாடா புதிதாக மெட்டமைத்திருந்தார். அதனையடுத்துக் குழுவை அவரே கலைத்தார். 1971 அக்டோபர் 3-ஆம் நாள் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், நாற்பதாம் வயதில், அவர் வாழ்வும் முடிந்தது.

சீப்டன்ஸ்

குழு கலைந்தபோது அதன் வழி அறுந்துவிடவில்லை. பேடி மலோனி 1962-இலேயே மற்றொரு குழுவைத் தொடங்கியிருந்தார். 1938-இல் டப்ளினில் பிறந்த அவர், புகழ்பெற்ற குழலாசிரியர் லியோ ரவ்சமிடம் இல்லன் குழல் பயின்றவர். 1959-இல் கேரக் பிரௌன் என்பார் ‘கிளாடா’ என்னும் சிறு தனியார் இசைத்தட்டு நிறுவனத்தை நிறுவினார். பெருவணிக நிறுவனங்கள் விலைபோகாது எனக் கைவிட்ட குழலிசையையும் கவிஞர்தம் குரலையும் பதிவுசெய்தலே அதன் நோக்கம். ரவ்சமின் குழலிசையே அதன் முதல் வெளியீடு. அந்நிறுவனத்தின் வேண்டுகோட்கு இணங்கி, ஒரேயொரு இசைத்தட்டுக்கெனச் சேர்ந்த குழுவே ‘சீப்டன்ஸ்’. மலோனி, பாட்ஸ், டுப்ரிடி, பே ஆகிய நால்வரும் ஓ ரியாடா குழுவினர். டேவிட் பாலன் பௌரான் வாசித்தார். தலைவர்கள் எனப் பொருள்படும் பெயரை வழங்கியவர் கவிஞர் ஜான் மாண்டேக். யாழ்வாணரைப் புரந்த பழைய தலைவர்கள் மறைந்து நூற்றாண்டுகள் பல கழிந்தபின், அத்தலைவர்தம் பெயரை இசைவாணரே பூண்டமை எண்ணி மகிழ்தற்குரியது.

பிரௌன் கின்னஸ் செல்வக்குடியின் வழிவந்தவர். ஆக, புரவலர்–பாணர் உறவு புதுவடிவில் மீண்டது எனலாம். வானொலியின் நேரக் கட்டுப்பாடும், ஆட்டமண்டபத்தின் பேரொலித் தேவையும், பெருவணிகத்தின் விற்பனைக் கணக்கும் இன்றி இசைவாணர் தம் விருப்பப்படி இசைத்தற்கு இச்சிறு நிறுவனம் இடமளித்தது. ஆயினும் அதனால் வாழ்க்கை நடத்த இயலவில்லை. மலோனி கட்டடப் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதினார். டுப்ரிடி பொறியாளராகப் பணியாற்றினார். இரண்டாம் இசைத்தட்டு 1969-இல்தான் வெளிவந்தது. குழுவினர் இசையையே முழுநேரத் தொழிலாக மேற்கொண்டது 1975-இல். அவ்வாண்டு இலண்டன் ஆல்பர்ட்டு பேரரங்கில் நிகழ்த்திய இசைவிழா அதற்குத் துணிவளித்தது.

ஓ ரியாடாவின் முறையை மலோனி அவ்வாறே மேற்கொள்ளவில்லை. ஆர்ப்சிக்கார்டை விடுத்தார். மெட்டுக்கு எதிரிழையாக மற்றொரு மெட்டை ஓடவிடுதல், வேகம் வேறுபட்ட மெட்டுக்களைத் தொடையலாகத் தொடுத்தல் முதலியவற்றை மிகுதியாகக் கையாண்டார். பல்லியத்தின் ஒத்திசை நிலையை எட்டுதற்கு அவருக்குத் துணையானது அவர் கையில் இருந்த இல்லன் குழலே என்பது எம் கருத்து. சுருதியும் ஒத்திசையும் அக்குழலின் உறுப்பாகவே உள்ளன என முன்னர்க் கண்டோம். ஒரு குழலுக்குள் அடங்கியிருந்த அமைப்பையே அவர் குழு முழுவதற்கும் விரித்தார். அவர்தம் இசை அயலது எனத் தோன்றாமைக்கு இதுவே காரணம் போலும்.

1970-களில் டெரக் பெல் யாழ் வாசிப்பவராகக் குழுவிற் சேர்ந்தமை மற்றொரு திருப்பம். அவர் பி.பி.சி. வட அயர்லாந்துப் பல்லியத்தில் பணியாற்றியவர். ஓ ரியாடா ஆர்ப்சிக்கார்டால் நிரப்ப முயன்ற இடத்தை யாழே நிரப்பியது; அதனை வாசித்தவரோ பல்லியத்தினின்றும் வந்தவர். 1982-இல் ‘பிரெஞ்சுக்காரர் ஆண்டு’ என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு மலோனி அமைத்த இசையில் சீப்டன்சும் வானொலி நிறுவனத்தின் பல்லியமும் ஒருங்கே வாசித்தனர். நாட்டு இசைவாணருக்கு இருக்கை அளிக்காத பல்லியம், இப்பொழுது அவருக்குத் துணையாய் அமர்ந்தது. ‘மிஷா ஏரே’ தொட்டு இருபத்து மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது.

புகழ் பெருகியது. 1979-இல் டப்ளின் பீனிக்சு பூங்காவில் போப்பாண்டவர் வருகையின்போது திரண்ட பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள்முன் இக்குழு இசைத்தது. 1983-இல் சீனம் சென்றது. கிராமிப் பரிசு ஆறுமுறை பெற்றது. 2002-இல் பெல் மறைந்தார். 2021 அக்டோபரில் மலோனி மறைந்தார்.

ஆக்கமும் கேடும்

இவ்வரலாற்றை வெற்றி வரலாறாக மட்டும் கூறி அமைதல் ஆய்வு ஆகாது. மூன்று செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, ஓ ரியாடா ‘கேலி’ குழுக்களைப் பழித்தது முற்றும் நேரிதன்று. அக்குழுக்கள் கேட்டற்கு அல்ல, ஆடுதற்கு இசைத்தன. அவற்றின் முன் ஆடியோர் உழவரும் தொழிலாளரும் கடல்கடந்து உழைத்தோரும். ஓ ரியாடா அமைத்த இசையோ இருக்கையில் அமர்ந்து கேட்டற்குரியது. கெய்ட்டி அரங்கில் அவர் குழுவினர் சிம்பொனிப் பல்லியத்தார்போல் கறுப்பு உடையும் கழுத்துப் பட்டையும் பூண்டு தோன்றினர். நாட்டிசைக்கு மதிப்புத் தேடித் தருதற்கு அக்கோலம் வேண்டியிருந்தது போலும். ஆனால் மதிப்பு வந்தவிடத்து ஆட்டம் போயிற்று.

இரண்டாவது, தூய்மை பற்றிய கொள்கை. பழமைக்கு மீளுதலே தம் நோக்கம் என ஓ ரியாடா கருதினார். ஆயினும் அவர் போற்றிய கரோலனே தம் காலத்து இத்தாலிய இசையில் ஈடுபட்டு, அதன் சாயலைத் தம் படைப்புக்களில் ஏற்றவர். ஐரோப்பிய அரண்மனைக் கருவியாகிய ஆர்ப்சிக்கார்டும் ஐரிஷ் யாழின் பழமைக்குச் சான்றாகாது. எனவே, பல்லியச் சாயல் 1960-இல் புதிதாய் வந்த கலப்பு அன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய உறவின் தொடர்ச்சி. தூயது கலந்தது எனப் பிரித்தலினும், எது எவ்வழிக் கலந்தது என ஆராய்தலே பயனுடைத்து.

மூன்றாவது, ஆசிரியர் பெயர். ‘அயர்லாந்துப் பெண்டிர்’ பாடலுக்கு ஓ ரியாடா அமைத்த மெட்டை 1975-இல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ திரைப்படத்தில் சீப்டன்ஸ் இசைத்தனர். கதை பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழ்வது. மெட்டு இருபதாம் நூற்றாண்டினது. அதனைக் கேட்டார் பலர் தொன்றுதொட்டு வந்த நாட்டுப்பாடல் என்றே கொண்டனர். இயற்றியவன் பெயர் மறைந்து பாட்டு ஊர்ப்பொதுவாதல் வாய்மொழி இலக்கியத்தின் இயல்பு. ஒலிப்பதிவும் அச்சும் பெருகிய காலத்தும் அவ்வியல்பு மாயவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று. தாம் அமைத்த மெட்டு நாட்டு மெட்டாகவே கேட்கப்படுதலினும் உயர்ந்த பரிசு அவருக்கு வேறில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அயர்லாந்தின் நாட்டிசை பல்லியத்தைப் பல வழிகளில் எதிர்கொண்டமை பெறப்பட்டது. பண்ட்டிங் எழுத்தில் காத்தார். ஆனால் பியானோவுக்கு ஏற்ப மாற்றினார். ஆட்டக்குழுக்கள் தொகையைக் கொண்டன, முறையைக் கொண்டில. ‘மிஷா ஏரே’ மெட்டைக் கொண்டது, வாசிப்பவனைக் கொண்டிலது. ‘கியோல்தோரி கூலன்’ வாசிப்பவனை நடுவில் இருத்தி, பல்லியத்தின் முறையை மட்டும் அவனுக்குக் கருவியாக்கியது. சீப்டன்ஸ் அதனைத் தொழிலாகவும் உலகறிந்த கலையாகவும் நிலைநிறுத்தியது. 1970-களில் தோன்றிய ‘பிளாங்ஸ்டி’, ‘பாத்தி பேண்டு’ முதலிய குழுக்கள் இவ்வடித்தளத்தின்மேல் எழுந்தனவே.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். அரங்கேறிய நாட்டிசை நாட்டிசையாகவே நிற்பது, அதன் மெட்டு காக்கப்படுவதனால் அன்று; அம்மெட்டை மாற்றி இசைக்கும் உரிமை வாசிப்பவன் கையில் எஞ்சியிருப்பதனால் ஆம். அவ்வுரிமை உள்ளவரை பல்லியம் துணையாகும். அது நீங்கின் எத்துணைப் பழமையான மெட்டும் வெறும் சுவடியே. ஏட்டில் எழுதுவோர்க்கும் ஒலிநாடாவில் பதிவோர்க்கும் இது பொருந்தும். ஒரு பாட்டுக்கு ஒரு வடிவத்தை மட்டும் குறித்துக்கொண்டு, இதுவே பாட்டு என மீளுவோமாயின், மெட்டைக் கொண்டு பாடுபவனை வெளியே நிறுத்தியவர் ஆவோம். ஒருவர் வாயிலேயே ஒரு பாட்டை இருமுறை கேட்டு, இரண்டும் வேறுபடுமிடத்தைக் குறித்தலே தொகுப்பாளர் முதற்கடன் என்பதனை ஓ ரியாடாவின் பன்னிரண்டாண்டு முயற்சி நமக்கு அறிவுறுத்துகின்றது.